சிற்றூருக்குப் போகும் கால்நடை மருத்துவத் தம்பிக்கு

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த தம்பி ஒருவர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வேலைக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், அங்கே நம்மை மதிப்பார்களா, டாலஸ் போன்ற நகரத்தில் நாய், பூனை பார்க்கும் வேலையைத் தேடுவது மேலா என்றும் கேட்டிருக்கிறார். வாடகை, பள்ளிக்கூடம் பற்றியும் கேட்கிறார். அவற்றை அழைத்தவர்களே சொல்லிவிடுவார்கள்.

மதிப்பைப் பற்றிச் சொல்கிறேன், தம்பி. நான் இருக்கும் மான்டானா மாநிலத்தில் எல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் ஃபோர்சித் என்று 2,000 பேர்கூட இல்லாத ஓர் ஊர் இருக்கிறது. அயோவாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு, 1950இல் பட்டம் பெற்ற ஜான் மெல்ச்சர் அங்கேதான் கால்நடை வைத்தியம் பார்த்தார். ஊரார் அவரை மேயராக்கினார்கள். 1969இல் பிரதிநிதிகள் சபைக்கும் 1977இல் செனட்டுக்கும் போனார். 1982 தேர்தலில் வெளி மாநிலக் குழு ஒன்று அவரைத் தாக்கிப் பிரசாரம் செய்தபோது, மாடுகளே அவருக்காகப் பரிந்து பேசுவதாக அவர் தரப்பு தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது; அவர்தான் வென்றார். ஆய்வுக்கூடக் குரங்குகளின் மனநலத்தையும் பேண வேண்டும் என்ற விதி 1985இல் சட்டத்தில் ஏறியதற்கு அவரே காரணம். கொலராடோவில் வால்டன் அருகே பண்ணையில் வளர்ந்த வேய்ன் அல்லார்டும் கால்நடை மருத்துவராக இருந்து செனட்டரானவர்தான்.

அவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள் என்பீர்கள். யான் போல் நெதர்லாந்தில் பிறந்து, உட்ரெக்டில் படித்து வந்தவர். 1981இல் மிச்சிகனின் வீட்மன் என்ற சிற்றூரில் மருத்துவமனை தொடங்கினார்; 2011 முதல் அவருடைய அன்றாட வேலையே தொலைக்காட்சித் தொடராக வந்து நாடறிந்தவரானார். நடு இரவில், உறைபனியில், கன்று வெளிவராமல் தவிக்கும் பசுவுக்குள் தோள்வரை கையை நுழைத்து உயிரோடு இழுத்துப் போட்டவரைப் பண்ணைக்காரர்கள் மறப்பதே இல்லை. நகரத்து நம்மவர் சிலர் "மாட்டு டாக்டரா?" என்று முகம் சுளிப்பார்கள்; வார இறுதி விருந்துகளில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் கசந்திருக்கிறது. இங்கே கடைத்தெருவில் என்னை நிறுத்தி மாட்டின் மடிநோய் பற்றிக் கேட்கிறார்கள். மருத்துவர் குடிப்பதும் கடன் வைப்பதும்கூட ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எச்சரிக்க வேண்டியது உரிமத்தைப் பற்றி. நம் பட்டத்தை அப்படியே ஏற்கமாட்டார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வும், மயக்கம் கொடுப்பது, அறுவை, குதிரை வைத்தியம், பிரேதப் பரிசோதனை எல்லாம் அடங்கிய செய்முறைத் தேர்வும் உண்டு. அதன்பின் உரிமத் தேர்வு. நான் வந்த புதிதில் ஒரு மருத்துவமனை, தேர்வுக்கு உதவுவதாக வாயால் சொல்லிவிட்டு, கூண்டு கழுவும் வேலையிலேயே என்னை நெடுங்காலம் நிறுத்திவைத்தது. பனிக்காலத்தில் அந்தக் கொட்டகையில் விரல் மரத்துப்போக நின்றுகொண்டு, சென்னை வேப்பேரியில் உள்ள நம் கல்லூரி வகுப்பறையை நினைத்திருக்கிறேன். ஆகவே தேர்வுக் கட்டணத்தை யார் தருவது, படிக்க எத்தனை மணி நேரம் விடுவார்கள், இரவு அழைப்புகளுக்கு உரிமம் பெற்ற மருத்துவர் எவரேனும் உங்களோடு வருவாரா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்திடுங்கள்.