வயதில் மூத்த சிப்பாய் கட்டளையை ஏற்க மறுக்கிறார். செக்ஷனை எப்படி நடத்துவது?

கேட்டிருப்பவர் 26 வயது நாயக், அதாவது சிப்பாய்க்கு மேலே, ஹவில்தாருக்குக் கீழே உள்ள பதவி. அவருடைய செக்ஷனில், அதாவது அவர் நடத்தும் சிறு படைக்குழுவில் உள்ள 34 வயதுச் சிப்பாய் ஒருவர், சொன்ன வேலையை இளையவர்கள் முன்னிலையிலேயே தட்டிக்கழிக்கிறார் என்கிறார். காலாட்படையில் 17 ஆண்டுகள் இருந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று, இப்போது காரைக்குடியில் வசிக்கும் நான் இதே இடத்தில் இரண்டு முறை சறுக்கியவன்.

நாயக்குக்குரிய இரண்டு பட்டைகள் கைக்கு வந்த புதிதில், என்னைவிட ஒன்பது வயது மூத்த ஒருவர் எனக்குக் கீழே வந்தார். மூத்தவரை அதிகாரமாக ஏவி நம் ஊரில் பழக்கமில்லை என்பதால், "அண்ணே, கொஞ்சம் போய் நிக்கிறீகளா?" என்று கேட்டுக் கேட்டே கட்டளையைக் கெஞ்சலாக்கிவிட்டேன். ஒரு நாயக்கும் மூன்று சிப்பாய்களும் கொண்ட கார்டில், அதாவது காவல் குழுவில், ஒவ்வொரு சிப்பாய்க்கும் 2 மணி நேரம் காவல், 4 மணி நேரம் ஓய்வு என்பது முறை. இரவு 2 முதல் 4 வரை வரும் காவலுக்கு அவர் எழுந்திருக்கவே மாட்டார். வம்பு எதற்கென்று நானே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஐந்து இரவுகள் நின்றேன். அதைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன். சுற்றிப் பார்க்க வந்த பிளாட்டூன் (பல செக்ஷன்கள் சேர்ந்த பிரிவு) ஹவில்தார், "கார்டு கமாண்டரே போஸ்டில் நின்றால் கார்டை யார் பார்ப்பது?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அதற்குள் மற்ற இருவரில் ஒருவனுக்கும் சரியாக இரவு 2 மணிக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியிருந்தது.

அந்த அவமானத்தில் அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னில், புதிதாக வந்த பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பூட்ஸ் அழுக்கைச் சொல்லிக் கத்தினேன். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அந்த ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, எங்கள் தெருவில், பினாங்கில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடையான கிட்டங்கியில் பல காலம் அடுத்தாளாக இருந்த பெரியவர் ஒருவரிடம், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறும் கடை அது. ஆனால் மேலாளாக வந்தவர் இவரைவிடப் பல வயது இளையவராம். "சாப்பாட்டுப் பந்தியிலே என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு, எனக்குப் பரிமாறாம தான் இலையிலே கைவைக்க மாட்டாரு. ராத்திரி கணக்கு ஒப்பிக்கிறப்ப ஒரு காசு இடிச்சாலும், அண்ணே, மறுபடி எண்ணுங்கன்னு உக்கார வச்சுருவாரு. குரலும் ஒசராது, விடவும் மாட்டாரு" என்றார். அதற்கு முன்னும் பின்னும் நான் முடித்த, பதவி உயர்வுக்கான எந்தக் கேடர் பயிற்சியிலும் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பிச் சென்றதும் லங்கர் என்னும் சமையல்கூடத்துக்குப் பின்னால் அந்தச் சிப்பாயைத் தனியாக அழைத்து, பையன்கள் முன்னால் கத்தியது என் தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டேன். இரவுக் காவல் எல்லாருக்கும் சுற்றிச் சுற்றித்தான் வரும், அதில் மாற்றம் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். நெடுநேரம் கழித்து அவர் பேசினார். தந்தையின் நோய்க்காக விடுப்பு முடிந்தும் 12 நாட்கள் வீட்டில் தங்கியதில் அவருடைய நடத்தைப் பதிவில் ரெட் இங்க் என்ட்ரி, அதாவது சிவப்பு மைத் தண்டனைக் குறிப்பு விழுந்து, பதவி உயர்வு தள்ளிப்போயிருக்கிறது. என் கையிலிருந்த பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த 12 நாட்கள்தான் நினைவுக்கு வந்திருக்கின்றன.

அவருக்கு நிகராக எல்.எம்.ஜி. என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடியவர் எங்கள் கம்பெனியில் இல்லை. பிளாட்டூன் ஹவில்தாரிடம் கேட்டு, பையன்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டேன்; அந்த வகுப்பில் நானும் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அவரைச் சமாதானப்படுத்த ஒரு வேலையை உருவாக்கிக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பார். இது உண்மையிலேயே அவரால்தான் ஆகவேண்டிய வேலை. இரவுக் காவலுக்கு முணுமுணுத்துக்கொண்டேதான் எழுந்தார், ஆனால் எழுந்தார். கடைசிவரை என்னை உஸ்தாத், அதாவது மேலவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல்லால் அழைக்கவில்லை. "தம்பி நாயக்" என்பார். அதை நான் திருத்தவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும் உண்மைதான். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 41-ஆவது பிரிவு மேலதிகாரியின் கட்டளையை மீறுவதைக் குற்றமாக்குகிறது. 80-ஆவது பிரிவின்படி கமாண்டிங் ஆபீசரே கூடுதல் காவல் முதல் 28 நாள் காவலடைப்பு வரை தண்டனை தரலாம். ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் காட்டி மிரட்டாதீர்கள்; மிரட்டிவிட்டுச் செய்யாமலும் இருக்காதீர்கள். இரண்டு முறை தனியாகப் பேசியும் கேட்கவில்லையென்றால், நாள், நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் ஆகியவற்றை எழுதிவைத்து, பிளாட்டூன் ஹவில்தார் வழியாகவே மேலே கொண்டுசெல்லுங்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும் என்பதால், அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆயுதமோ வெடிமருந்தோ சம்பந்தப்பட்ட மறுப்பாக இருந்தால் மட்டும் ஒரு முறைகூடப் பொறுக்க வேண்டாம், அன்றே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதும் அடுத்த கார்டு பட்டியலில் இரவு 2 மணிக் காவல் யாருக்குப் போகிறது என்பதை அவரைவிடக் கவனமாக மற்றவர்கள் பார்ப்பார்கள். முதல் நாள் அதை உங்கள் செக்ஷனில் உங்களுக்கு மிக நெருக்கமானவனுக்குப் போடுங்கள், இரண்டாம் நாள் அவருக்கு.