மூணாறு குளிரில் பழைய சேட்டக் கிளம்ப மறுத்தால்

நண்பரே, அப்பாவின் பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரை மூணாறில் காலையில் சோக் இழுத்து எத்தனை முறை உதைத்தாலும் கிளம்பவில்லை, ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஈரமான பிளக் என்றால் உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது. உங்கள் ஊர் சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது, அதனால் கலவையில் பெட்ரோல் ஏற்கெனவே தூக்கல். சோக் பெட்ரோலை மேலும் கூட்டும், அதனால் அதை இழுத்தபடியே உதைத்தால் இன்னும் மோசமாகும்.

இப்போதைக்கு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சோக்கை உள்ளே தள்ளுங்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, நியூட்ரலில், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதையுங்கள். புகை கக்கிக்கொண்டு கிளம்பும். உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து டேப்பைத் திறந்துவிடுங்கள். வண்டியைச் சாய்க்கச் சொல்வார்கள், இந்த நிலையில் வேண்டாம், பெட்ரோல் இன்னும் கூடிவிடும்.

நாளை முதல் சோக்குடன் இரண்டு மூன்று உதைதான். பிடித்ததும் அரை நிமிடத்தில் சோக்கைத் தள்ளிவிட்டு, ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். குளிர்ந்த என்ஜினை முறுக்கவே கூடாது. இரவில் டேப்பை மூட மறக்காதீர்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் முக்கியம். உங்கள் பழைய சேட்டக் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. போடிமெட்டு இறக்கத்தில் கியரில் ஆக்ஸிலேட்டரை மூடியே வெகுதூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயில் போதாது. அவ்வப்போது கொஞ்சம் திருகிவிட்டு இறங்குங்கள்.