விளையாட்டில் பிணத்திலிருந்து எலும்பு சேகரிக்க வைப்பது ஏன்?
கிருஷ்ணகிரியில் படிக்கும் உங்கள் மகன் ஆன்லைன் விளையாட்டில் இறந்த மனிதரின் எலும்பைச் சேகரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீழ்த்திய எதிரியிடம் பயனுள்ள ஏதேனும் கிடைத்தால்தான் ஆட்டக்காரர் அடுத்த சண்டைக்குப் போவார் என்பதே காரணம். கிடைத்ததை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபாடு. 2001-இல் வெளியான ரூன்ஸ்கேப்பில் எலும்பைப் புதைத்தால் பிரார்த்தனைத் திறன் உயரும். 1997-இல் வெளியான அல்டிமா ஆன்லைனிலோ, பிணத்தின்மீது கத்தியைப் பயன்படுத்தினால் தலை, கை, கால் எனத் தனித்தனியே பிரியும், கொலைகார ஆட்டக்காரரின் தலையைக் காவலரிடம் ஒப்படைத்துப் பரிசுத்தொகை பெறவும் முடிந்தது. மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டு வணங்கிய நம் மாவட்டத்தாருக்கு இது உறுத்துவது இயல்பே. உடனே தடுத்துவிடாமல், அவன் ஆடும் விளையாட்டில் எலும்பு புதைக்கப்படுகிறதா, விற்கப்படுகிறதா என்று அருகில் அமர்ந்து பாருங்கள்.