பென்சிலை ஒரு மாதம் ஒளித்து வையுங்கள்

மூன்றரை வயது மகன் பென்சிலைக் கண்டாலே அழுகிறான், ‘அ’ எழுதவில்லை என்று பள்ளியில் தினமும் குறை சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள், சகோதரி. அவன்மீது தவறே இல்லை. பொதுவாக 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, 5 வயதையொட்டி முக்கோணம் பார்த்து வரைய வரும். ‘அ’வில் சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கின்றன! அவசரம் பள்ளிக்குத்தான்.

விரலுக்கு முதலில் வலு வரட்டும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். பச்சைப் பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள். தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பினால் விரலாலேயே கிறுக்குவான். என் மகள் அப்படித்தான் பாம்பு வரைந்தாள். வாலை நீட்டியபோது ‘உ’ தானாக வந்தது. (பாதி மாவு பூனைமேல்.) பல்லாங்குழியும் நல்லது, சோழியை வாயில் போடாமல் அருகிலேயே இருங்கள். கரண்டி பிடிக்கவும் தடுமாறினால் மட்டும் குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.