வேகமாக வீச, இலேசான பூப்பந்து ரேக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறார். வேலை முடிந்து வாரத்தில் இரண்டு இரவு நண்பர்களோடு டபுள்ஸ் ஆடுகிறார். எதிரில் நிற்பவர் தட்டையாக ஒரு டிரைவ் அடித்தால், இவர் ரேக்கெட்டைத் தூக்குவதற்குள் ஷட்டில் கடந்துபோய்விடுகிறதாம். ஆன்லைனில் 58 கிராம் ரேக்கெட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். கையில் 300 வெள்ளி இருக்கிறது, அதை வாங்கலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா என்று கேட்கிறார்.

58 கிராம் வேண்டாம். 4யூ எடையில் (80 முதல் 84 கிராம்), ஹெட் லைட் (தலைப் பக்கம் இலேசு) அல்லது ஈவன் பேலன்ஸ் (இரு பக்கமும் சமம்), தண்டு நடுத்தர வளைவு. இப்படி ஒன்றை வாங்குங்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

கெப்போங்கில் ஒரு ஹாலை ஒட்டிய கடையில் மாலை நேரங்களில் நான் ஸ்ட்ரிங் போட்டுத் தருகிறேன். வருகிறவர்கள் பலர் முதலில் கேட்பது "அண்ணே, இது எத்தனை கிராம்?" என்றுதான். யோனெக்ஸ் நிறுவனத்தின் கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79, எஃப் என்று போட்டிருந்தால் 70 முதல் 74. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் 5 கிராம்தான். நீங்கள் கைப்பிடியில் சுற்றும் ஓவர்கிரிப் ஒன்றே ஏறக்குறைய அவ்வளவு எடை இருக்கும். அந்த 5 கிராமுக்காகக் கடையில் அரை மணி நேரம் யோசிப்பவர்கள், வீட்டுக்குப் போய்க் கைப்பிடியில் இரண்டு ஓவர்கிரிப் சுற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்!

மொத்த எடை எவ்வளவு என்பதைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சுழலும் பொருளில் தூரத்தின் வர்க்கம் கணக்கில் வரும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கைப்பிடியின் அடியை மையமாக வைத்துப் பார்த்தால், 10 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு கிராமைவிட 60 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு கிராம் சுழற்சியை 36 மடங்கு அதிகமாகத் தடுக்கும். அதனால்தான் தலைப் பக்கம் கனமான 5யூ ரேக்கெட் ஒன்று, ஹெட் லைட்டான 4யூவைவிடக் கையில் மந்தமாகத் தெரியலாம். கிராம் குறைவு, வேகமும் குறைவு.

பேலன்ஸை நீங்களே பார்க்கலாம். ரேக்கெட்டை ஒரு விரலின் மேல் படுக்கவைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளந்தால், ஸ்ட்ரிங் போடாத ரேக்கெட்டில் பொதுவாக 285 மி.மீ.க்குக் கீழே என்றால் ஹெட் லைட், 295க்கு மேலே என்றால் ஹெட் ஹெவி, நடுவில் இருந்தால் ஈவன்.

இதில் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அங்கே சுவரில் தொங்குபவை பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாத ரேக்கெட்டுகள். எடுத்து இரண்டு தடவை காற்றில் வீசினால் எல்லாமே பறக்கிற மாதிரி இருக்கும். ஸ்ட்ரிங் போட்டதும் தலையில் நாலைந்து கிராம் ஏறி, பேலன்ஸ் ஏறக்குறைய 1 செ.மீ. மேலே நகர்ந்துவிடும். அப்புறம் ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் கிட்டத்தட்ட அதே அளவு கீழே இறங்கும். ஆகவே ஸ்ட்ரிங் போட்டு, நீங்கள் வழக்கமாகச் சுற்றும் கிரிப்பும் சுற்றிய ரேக்கெட்டைத்தான் வீசிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடையில் அதற்கு வழியில்லை என்றால் ஹாலில் ஆடுபவர்களிடம் கேளுங்கள். ஒரு கேம் ஆடக் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற ஆள் அபூர்வம்.

இனி அந்த 58 கிராம். அப்படி ரேக்கெட் இருப்பது உண்மைதான், அப்பாக்ஸ் போன்ற பிராண்டுகளில் கிடைக்கிறது. வலைக்குப் பக்கத்தில் நின்று தட்டிவிடுவதற்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஷட்டிலே 5 கிராம் இருக்கிறது. அது வேகமாக வந்து மோதும்போது ரேக்கெட்டில் கொஞ்சமாவது கனம் இல்லாவிட்டால் எதிர்த்துத் தள்ள முடியாது. பின் கோட்டிலிருந்து கிளியர் (எதிராளியின் பின் கோட்டுக்கு உயர்த்தி அடிப்பது) அடித்தால் அது பாதிக் கோர்ட்டில் விழும். அதைச் சரிக்கட்டத் தோளையும் முழங்கையையும் கூடுதலாகப் போட்டு வீசுவீர்கள், நாளடைவில் வலி வரலாம். டபுள்ஸில் கூட்டாளியின் ரேக்கெட்டோடு மோதுவதும் சகஜம். மெல்லிய ஃபிரேம் அதைத் தாங்காது.

ஹெட் லைட் என்றால் ஸ்மாஷ் வராது என்ற பேச்சும் ஹாலில் அடிக்கடி காதில் விழும். 2023இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தது நானோஃபிளேர் 1000இசட் என்ற ஹெட் லைட் ரேக்கெட்டில்தான். அதற்கு முன் 2013இல் 493 கி.மீ. அடித்து அந்தச் சாதனையை வைத்திருந்தவர் நம் நாட்டு டான் பூன் ஹியோங். அதற்காக 1000இசட் வாங்கிவிடாதீர்கள். அதன் தண்டு மிகவும் விறைப்பு. மணிக்கட்டு அவ்வளவு வேகமாகச் சுழன்றால்தான் அது வளைந்து திரும்பும். நம்மைப் போல வேலை முடிந்து ஆடுபவர்களுக்கு அது மரக்கட்டை மாதிரி நிற்கும், விலையும் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். நடுத்தர வளைவுள்ள தண்டு அரை வீச்சிலேயே உதவி செய்யும். டிரைவுக்குத் திருப்பி அடிக்க நமக்குக் கிடைப்பதும் அரை வீச்சுதானே.

நீங்கள் கோர்ட்டில் எங்கே அதிகம் நிற்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நம் நாட்டுப் பெண்கள் டபுள்ஸ் ஜோடி பெர்லி டான் – தீனா முரளிதரன் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெர்லி பின்னாலிருந்து ஓங்கி அடிக்க, தீனா வலைப் பக்கம் காத்திருந்து முடித்துவைப்பார். யோனெக்ஸ் இந்தப் பிரிவையே வைத்து ஆஸ்ட்ராக்ஸ் 88டி பின் கோர்ட்டுக்கு, 88எஸ் முன் கோர்ட்டுக்கு என்று இரண்டு ரேக்கெட் விற்கிறது. உங்கள் குழுவில் ஒவ்வொரு கேமுக்கும் கூட்டாளி மாறுகிறார் என்றால் ஈவன் பேலன்ஸ் பாதுகாப்பு. நீங்கள்தான் எப்போதும் முன்னால் ஓடுகிறவர் என்றால் ஹெட் லைட்.

300 வெள்ளிக்குள் என்றால் யோனெக்ஸின் நானோஃபிளேர், விக்டரின் ஆராஸ்பீட் வரிசைகளில் விலை குறைந்த மாடல்களைப் பாருங்கள், இரண்டும் வேகத்துக்கென்றே வந்த வரிசைகள். இங்கே எல்லாக் கடைகளிலும் இருக்கும் அப்பாக்ஸ், ஃபெலெட்டிலும் நல்ல 4யூ உண்டு. என் கை பிராண்டைவிடப் பேலன்ஸைத்தான் நம்பும். முழுப் பணத்தையும் ரேக்கெட்டில் போடாமல் ஸ்ட்ரிங்குக்கும் கிரிப்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

ஸ்ட்ரிங் விஷயத்தில் என்னிடம் வருபவர்களோடு எனக்குத் தினமும் சண்டை. "அண்ணே, 28 போடுங்க" என்பார்கள், அதாவது 28 பவுண்டு இறுக்கம். தேசிய ஆட்டக்காரர்கள் அப்படிப் போடுகிறார்கள், சரி. அவர்கள் ஒவ்வொரு முறையும் ஷட்டிலை ஸ்ட்ரிங்கின் நடுவில் வாங்குகிறார்கள். இறுக்கம் ஏற ஏற நன்றாக அடிபடும் இடம் சுருங்கும். அவசரத்தில் ரேக்கெட்டைத் தூக்கி ஓரத்தில் வாங்குபவருக்கு 23, 24 பவுண்டில் ஷட்டில் தானாகத் துள்ளிப் போகும். யோனெக்ஸின் பிஜி65 ஸ்ட்ரிங் நீண்ட நாள் உழைக்கும், 0.70 மி.மீ. தடிமன். கொஞ்சம் துள்ளல் வேண்டுமென்றால் பிஜி66 அல்டிமேக்ஸ், 0.65 மி.மீ. சீக்கிரம் அறுந்தால் என்னைத் திட்டக் கூடாது.

அப்புறம் கிரிப். ஏர்கோன் இல்லாத ஹாலில் நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்தாவது நிமிடமே உள்ளங்கை நனைந்துவிடும். வழுக்குமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்த கையில் விரல் வேலை செய்யாது, எவ்வளவு இலேசான ரேக்கெட்டும் தாமதமாகத்தான் வரும். தளர்வாகப் பிடித்து, அடிக்கும் நொடியில் மட்டும் விரலை இறுக்குவதில்தான் டிரைவின் வேகமே இருக்கிறது. ஆகவே கைப்பிடி ஜி5 அளவில் வாங்கி மெல்லிய ஓவர்கிரிப் ஒன்று மட்டும் சுற்றுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். கை சின்னது என்றால் ஜி6. எண் கூடினால் கைப்பிடி மெலியும். ரேக்கெட்டை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், நெஞ்சுக்கு நேராக முன்னால் பிடியுங்கள். இதற்குச் செலவு இல்லை.

இப்போது உங்கள் கையில் இருப்பது எந்த மாடல் என்று சொல்லவில்லை. 3யூ ஹெட் ஹெவி என்றால் மேலே சொன்னபடி மாற்றுங்கள், முதல் இரவே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே 4யூ ஈவன் பேலன்ஸ்தான் என்றால் புது ஸ்ட்ரிங் 23இல் போட்டு, கிரிப்பை மாற்றி ஒரு மாதம் ஆடுங்கள். அதற்குப் பிறகும் ஷட்டில் கடந்துபோனால் கடைக்குப் போகலாம்.