வேலிக்கு 10 கேஜ், குட்டைக்கு 2000 கேஜ்: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி: தோட்டத்துக்கு 10 கேஜ் கம்பிவேலி கேட்டால், கடைக்காரர் "12 கேஜ் வாங்குங்க, அதுதான் தடிமன்" என்கிறார். பண்ணைக்குட்டைக்கு 2000 கேஜ் ஷீட் என்று இன்னொருவர் விலை சொல்கிறார். அம்மாவின் இன்சுலின் ஊசி அட்டையிலும் 31 கேஜ் என்று போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே அளவுதானா? எண் கூடினால் தடிமனா, குறைந்தால் தடிமனா?

பதில்: ஒரே அளவு இல்லை. கம்பி, தகடு, ஊசி மூன்றிலும் எண் கூடக் கூட மெலியும். பிளாஸ்டிக் ஷீட்டில் எண் கூடக் கூடத் தடிக்கும். உங்கள் கடைக்காரர் சொன்னது தவறு. 10 கேஜ்தான் தடிமன்.

கம்பியில் எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது? தடித்த கம்பியைத் துளையுள்ள அச்சுக்குள் விட்டு இழுத்து, அடுத்து அதைவிடச் சிறிய துளையில் இழுத்து, இப்படியே மெலிய வைப்பார்கள். இழுப்பு கூடக் கூட எண்ணும் கூடியது. பிரிட்டனில் ஆளாளுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1884இல் எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்) என்ற ஒரே அட்டவணையைச் சட்டபூர்வமாக்கினார்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கம்பிக்கு கேஜ் என்றால் பெரும்பாலும் இன்றும் அதுதான்.

அதன்படி 10 கேஜ் 3.25 மி.மீ., 11 கேஜ் 2.95 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ. 10க்கும் 12க்கும் பார்வைக்கு 0.6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 கேஜ் கம்பியில் 12 கேஜைவிட ஒன்றரை மடங்கு இரும்பு இருக்கிறது. வேலியைச் சதுர அடிக் கணக்கில் விற்கும்போது இந்த வித்தியாசம் முழுவதும் விற்பவர் பக்கம் போய்விடும். கிலோ கணக்கில் வாங்கினால் அந்த நஷ்டம் இல்லை. ஆனாலும் மெல்லிய கம்பி மாடு சாய்ந்தால் வளைந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்கம்பிக்கான அமெரிக்க அட்டவணையில் 10 கேஜ் 2.59 மி.மீ. மட்டுமே, அதாவது நம் 12 கேஜைவிடவும் மெலிவு. அதே நாட்டில் இரும்புக் கம்பிக்கென்று இருக்கும் வேறு அட்டவணையில் 10 கேஜ் 3.43 மி.மீ. ஒரே எண்ணுக்கு மூன்று தடிமன். அதனால் வேலி வாங்கும்போது கேஜ் பேச்சையே விடுங்கள். "3.25 மி.மீ. கம்பி" என்று கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

சரக்கு வந்ததும் சோதிக்க, தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தராசு போதும். கட்டிடக் கம்பிக்குக் கொத்தனார்கள் போடும் அதே கணக்குதான்: மி.மீ. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். வலையின் ஓரத்தில் ஓர் இழையைத் திருகி உருவி, நெளிவை நிமிர்த்தி, சரியாக ஒரு மீட்டர் வெட்டி நிறுத்துப் பாருங்கள். 10 கேஜ் என்றால் 65 கிராம், 11 என்றால் 54, 12 என்றால் 43 வர வேண்டும். நெளிவை நன்றாக நிமிர்த்தாமல் அளந்தால் ஒரு மீட்டருக்குள் கூடுதல் கம்பி புகுந்து எடை ஏமாற்றும். பச்சை பி.வி.சி. பூச்சு வேலியில், சொல்லும் தடிமன் பூச்சோடு சேர்த்தா, உள்ளே இருக்கும் கம்பிக்கு மட்டுமா என்று கேட்டே ஆக வேண்டும். பூச்சைப் பிளேடால் சீவிவிட்டு அளக்கவும். துத்தநாகப் பூச்சுக்கும் கேஜுக்கும் சம்பந்தமில்லை. அதைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

குட்டை ஷீட்டுக்கு வருவோம். பிளாஸ்டிக்கில் 100 கேஜ் என்பது ஏறக்குறைய 25 மைக்ரான். நான்கால் வகுத்தால் மைக்ரான் வந்துவிடும். 2000 கேஜ் என்றால் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். பசுமைக்குடில் ஷீட் 800 கேஜ் என்றால் 200 மைக்ரான், பாத்தி மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் 100 கேஜ் என்றால் 25 மைக்ரான். சோதிக்க, ஷீட்டிலிருந்து பத்துத் துண்டுகள் வெட்டி அடுக்கி, காற்றில்லாமல் அழுத்தி அளந்தால் 500 மைக்ரானுக்கு 5 மி.மீ. வரும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி நிறுத்தால் 460 முதல் 475 கிராம் இருக்க வேண்டும். 400 கிராம்கூட இல்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

மோட்டார் காயில் கட்டும்போதும் இதே அட்டவணைக் குழப்பம் வரும், விளைவு இன்னும் மோசமாக இருக்கும். 22 எஸ்.டபிள்யூ.ஜி. 0.71 மி.மீ., அமெரிக்க 22 கேஜ் 0.64 மி.மீ. மாற்றிக் கட்டினால் 18 சதவீதம் செம்பு குறையும், மோட்டார் சூடேறும். 22 கிடைக்கவில்லை என்றால் 25 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பி இரண்டைச் சேர்த்துச் சுற்றலாம், குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட சமம். பழைய வீட்டு வயரிங்கில் 3/22, 7/20 என்று சொல்வதும் கேஜ்தான்: 22 கேஜில் மூன்று இழை, 20 கேஜில் ஏழு இழை. 3/22 என்பது 1.19 சதுர மி.மீ., அதை மாற்றும்போது 1.5 போடுங்கள், 1 போடாதீர்கள். 7/20 என்பது 4.6. அந்தச் சுற்று முன்பு முழுச்சுமையில் ஓடியிருந்தால் 4 போதாது, 6 போட வேண்டும்.

சமையலறை சிங்க் 18 கேஜ் என்றால் தகடு 1.2 மி.மீ. அளவில் இருக்கும், 20 என்றால் 0.9. தொட்டியை அழுத்தி இழுத்து உருவாக்குவதால் மூலைகளில் தகடு இதைவிட மெலிந்திருக்கும். அதனால் விளிம்பில் அளந்துவிட்டு நிம்மதி அடைய முடியாது.

அம்மாவின் ஊசி: 31 கேஜ் என்பது 0.25 மி.மீ., 32 கேஜ் 0.23 மி.மீ. எண் கூடினால் மெல்லிய ஊசி, குத்தும் வலி குறைவு. ஆனால் ஊசியின் நீளம் கேஜில் அடங்காது. அட்டையில் 4 மி.மீ., 6 மி.மீ., 8 மி.மீ. என்று தனியாக இருக்கும். மருந்துக் கடையில் "31 கொடுங்க" என்று மட்டும் கேட்டால் வேறு நீளம் கைக்கு வரும். நீளம் கூடிய ஊசி தோலடிக் கொழுப்பைத் தாண்டித் தசையில் இறங்கலாம், அப்போது இன்சுலின் வேகமாக வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடும். நீளத்தை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

திருப்பூர் பின்னல் மிஷினில் கேஜ் என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்ற கணக்கு. 24 கேஜைவிட 28 கேஜில் துணி நயமாக வரும். ரயிலில் அது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையிலான தூரம்: அகலப்பாதை 1676 மி.மீ., சென்னை மெட்ரோ 1435, ஊட்டி ரயில் 1000.

தோட்டத்தில் சொட்டுநீர் போடும் எண்ணம் இருந்தால் இன்னொரு கேஜும் தேவைப்படும், அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ். ஃபில்டருக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.5 கிலோவை (சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்ற அழுத்தக் கணக்கு) தாண்டினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, கழுவ வேண்டும். லைனில் 1 முதல் 2 கிலோ ஓடும் இடத்தில் 16 கிலோ டயல் வைத்தால் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. 4 கிலோ டயல் வாங்குங்கள், முள் நடுப்பகுதியில் நிற்கும். மோட்டாரை நிறுத்தி லைனைத் திறந்துவிட்ட பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் அந்த மீட்டரைக் கழற்றி மாற்றிவிடுங்கள்.