பேனல் மாட்டுகிற வேலைதானா? தம்பியிடம் ஒரு கணக்குக் கேளுங்கள்

அம்மா, வணக்கம்.

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்த தம்பி சோலார் பக்கம் போகிறேன் என்கிறான். "மொட்டை மாடியில் பேனல் தூக்கவா இவனை இரண்டு வருஷம் படிக்க வைத்தேன்?" என்று போனில் கேட்டீர்கள். உங்கள் குரலில் இருந்த கவலை எனக்குப் புரிந்தது. அவசரமாக இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் இருக்கும் உங்களுக்குக் கமுதி தெரியாத ஊர் இல்லை. 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. இப்போது வேலை வீட்டு மாடிகளுக்கும் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆக, வேலை இருக்கிறது. தம்பி கடைசிவரை பேனல் தூக்குகிறவனாகவே நின்றுவிடுவானோ என்பதுதான் உங்கள் பயம். என் அனுபவத்தில் அதை முடிவு செய்வது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, எங்க மாடியில எத்தனை யூனிட் வரும்?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, காரணத்தோடு பதில் சொல்லத் தெரிந்தவனை யாரும் கீழே நிற்க விடமாட்டார்கள்.

அந்தப் பதிலுக்கு முதலில் பேனலுக்குள் நடப்பது தெரிய வேண்டும். உள்ளே இருப்பது மெல்லிய சிலிக்கான் தகடுகள். ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் போரானும் துளித்துளியாகக் கலந்திருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தானாகவே ஒரு மின்புலம் உண்டாகிறது. வெளிச்சம் விழுந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டால், அந்தப் புலம் அவற்றை ஒரே திசையில் தள்ளுகிறது. அதுதான் கரண்ட். ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால்தான் பூக்கட்டுவது போல வரிசையாகக் கோக்கிறார்கள்.

இதில் வேலை செய்வது வெயிலின் வெளிச்சம், சூடு அல்ல. இதைப் புரிந்துகொண்ட பையனுக்குப் பாதித் தொழில் வந்துவிட்டது என்பேன். பேனலில் 550 வாட் என்று எழுதியிருந்தால், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழுந்து, செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது அது. நம் ஊர் மாடியில் மத்தியானம் செல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். 35 டிகிரி கூடினால் 12 சதவீதம் போச்சு. அக்னி நட்சத்திரத்தில்தான் கரண்ட் கொட்டும் என்று நினைக்கிறோம். வானம் தெளிந்து, சூடும் மட்டாக இருக்கும் மாசி, பங்குனியில்தான் பெரும்பாலும் நல்ல விளைச்சல்.

இனி கணக்கு. காலையிலும் மாலையிலும் அடிக்கும் சாய்ந்த வெயிலையெல்லாம் சுருக்கிப் பார்த்தால், நம் பக்கம் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயில். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக, 3 கிலோவாட்டை 5ஆல் பெருக்கினால் 15 யூனிட். சூடு, தூசி, வயர், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் கழித்தால் 12. கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கைக்கணக்கு.

எங்கள் வீட்டில் 3 கிலோவாட் போட்டபோது, வந்தவர் கழிக்கவே இல்லை. 15 யூனிட் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்று மணிக்கு மேல் இரண்டு பேனலில் விழுவதையும் பார்க்கவில்லை. ஒரு மூலையில் நிழல் பட்டாலே பேனலில் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். அந்தத் தொட்டியைப் பார்க்கிற கண் தம்பிக்கு இருக்க வேண்டும்.

ஆகவே, எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் மாடியையே அவனுக்குப் பரீட்சையாக வையுங்கள். இரண்டு மாத ஈபி பில்லை எடுத்துக் கொடுங்கள். 400 யூனிட் என்றால் நாளுக்கு ஆறே முக்கால். நாலால் வகுத்தால் 1.7 கிலோவாட். 550 வாட் பேனல் மூன்று போட்டால் கொஞ்சம் இழுக்கும், நான்கு தாராளம். தெற்குப் பார்த்து, 10 டிகிரி அளவு சாய்வில் எங்கே வைக்கலாம், காலை 9க்கும் மாலை 3க்கும் நிழல் எங்கே விழுகிறது என்று வரைந்து காட்டட்டும். அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் பிவிவாட்ஸ் என்ற இலவச இணையக் கணிப்பானில் ஊரைப் போட்டு, தன் கணக்கோடு ஒப்பிடட்டும்.

ஆர்வத்தோடு செய்தால் வழி இருக்கிறது. சோலார் டெக்னீஷியன் என்று ஐடிஐயிலேயே ஓராண்டுப் பிரிவு உண்டு. எலக்ட்ரீஷியன் முடித்தவனுக்கு இன்னொரு வருஷம் அங்கே வேண்டாம் என்பது என் கருத்து. வயர்மேன் தகுதிச் சான்று வாங்கட்டும். முடிந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்து டிப்ளமோ எடுக்கட்டும். டிசைன், மேற்பார்வை வேலைகளுக்கு அந்தக் கதவுதான் திறக்கும். "நூறு சதவீத வேலை" என்று சொல்லிப் பெரும் தொகை கேட்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு நகையை அடகு வைக்காதீர்கள், தயவுசெய்து.

ஒன்றை மட்டும் அம்மாவாகக் கறாராகக் கேளுங்கள்: வேலைக்குச் சேரும் இடத்தில் மாடி விளிம்பில் நிற்க பெல்ட், கையுறை தருகிறார்களா? பத்து பேனலைத் தொடராகக் கோத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். வெளிச்சம் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. வயர்களை இணைக்கும் கனெக்டர் சரியாகப் பூட்டாமல் தீப்பொறி வந்தால், வீட்டுக் கரண்டில் போல அது சட்டென்று அறுந்துவிடாது. இதில் அலட்சியம் காட்டும் இடம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம்.

அவன் போட்ட மாடிப் படமும் கணக்கும் முடிந்ததும், இரண்டு பேரும் வாருங்கள். பழைய ஈபி பில்களையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.